சுண்ணாம்பு முதல் எனாமல் வரை: வீட்டுச் சுவரின் கதை

பொங்கல் நெருங்கினால் தருமபுரிப் பக்கம் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் வேலை தொடங்கிவிடும். வண்ணம் பூசுவது அழகுக்காக மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் எதைப் பூசுகிறோம் என்பதற்குப் பின்னால், குழந்தைகளின் உடல்நலம் சம்பந்தப்பட்ட நூறாண்டு வரலாறு ஒன்று இருக்கிறது.

சுண்ணாம்புக் காலம்

பர்கூர் அருகே மல்லப்பாடிப் பாறையில், குதிரைமேல் அமர்ந்து சண்டையிடும் வீரர்களை வெள்ளை நிறத்தில் தீட்டியிருக்கிறார்கள். 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும் வரை அந்த ஊர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. பிற்காலத்தில் வீடுகளுக்கு வந்த நிறமும் மண்ணிலிருந்தே வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு, சுவரின் அடியில் காவிப் பட்டை, தரைக்குச் சாணம்.

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு, நீரில் நீற்றி, கொஞ்சம் நீலம் கலந்து அடிப்பார்கள். சுவரில் காய்ந்த சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மறுபடியும் கல்லாகிறது. அதன் காரத்தன்மையில் கிருமிகள் எளிதில் வளராது. குறையும் உண்டு. உடம்பு பட்டால் ஒட்டும், அடிக்கடி அடிக்க வேண்டும், நீற்றும்போது தெறித்தால் கண்ணே போய்விடும்.

எனாமல் வந்தது

கதவு, ஜன்னல் கம்பி, தொட்டில் ஆகியவற்றுக்கு எண்ணெய் பெயின்ட் வந்தபோது மக்களுக்குப் பிடித்துப்போனது. பளபளப்பு, கழுவும் வசதி, நீண்ட உழைப்பு. இந்தக் குணங்களுக்காகவும் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு நிறங்களுக்காகவும் அதில் காரீயச் சேர்மங்களைக் கலந்தார்கள். (பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வெள்ளீயம், அது வேறு.) காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மை இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர் 1904-லேயே சொல்லிவிட்டார். வராந்தாக் கைப்பிடியில் உதிர்ந்த பெயின்ட் தூள், விரல் வழியாகக் குழந்தைகளின் வாய்க்குப் போகிறது என்று கண்டறிந்தார். 1921-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளைக் காரீயப் பெயின்டைத் தடுக்கும் உடன்படிக்கை கொண்டுவந்தது. அமெரிக்கா 1978-ல் வீட்டு பெயின்டில் தடை செய்தது.

இந்தியாவின் தாமதம்

ஓசூர் பக்கம், அன்றைய தருமபுரி மாவட்டத்தில், ஆபிரகாம் ஜார்ஜ் 1997-ல் ஏழைக் குழந்தைகளுக்காகச் சாந்தி பவன் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய ஜார்ஜ் பவுண்டேஷன்தான் இந்திய நகரங்களில் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயத்தை அளந்து பார்த்தது. 1999-ல் வெளியான முடிவு அதிர்ச்சி தந்தது. சோதித்த 12 வயதுக்குட்பட்டவர்களில் பாதிக்கு மேல், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 10 மைக்ரோகிராமுக்கும் அதிகமாக இருந்தது.

அன்று முதல் குற்றவாளி பெட்ரோல். 2000-ல் நாடு முழுவதும் காரீயமில்லாப் பெட்ரோல் வந்துவிட்டது. பெயின்டுக்கு மட்டும் கட்டாய வரம்பு வரவில்லை. 2016-ல்தான் மத்திய அரசு, காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வகுத்தது. அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1921 உடன்படிக்கைக்கும் இந்த விதிக்கும் இடையே 95 ஆண்டுகள்! மலிவான பெயின்டின் உண்மையான விலை டப்பாவில் அச்சிடப்படவில்லை. அதைக் கட்டியவர்கள் குழந்தைகள்.

இன்று செய்ய வேண்டியது

சட்டம் புது டப்பாவுக்குத்தான். பழைய கதவில் அடுக்கடுக்காக இருக்கும் பெயின்ட் அப்படியே இருக்கிறது. அதனால்:

* பழைய பெயின்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள், நெருப்பில் கருக்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.
* வேலை முடியும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப் பக்கம் வர வேண்டாம்.
* டப்பாவில் 90 பிபிஎம் குறிப்பைப் பாருங்கள். சுவருக்குத் தண்ணீரில் கரையும் பெயின்ட் போதும், நெடி குறைவு.
* மிஞ்சிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.
* பெயின்ட் படாத பூச்சுச் சுவருக்கு இன்றும் சுண்ணாம்பு நல்லது. கண்ணாடியும் கையுறையும் அவசியம்.

வெள்ளையடிக்கும் முன் ஜன்னலைத் திறந்து வைப்பதைப் போல, பழைய கதவைத் தேய்க்கும் முன் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்வதும் வழக்கமாகட்டும்.