முனையை யார் வெட்டுவது? திருச்சிராப்பள்ளிச் சுருட்டும் வி-கட்டரும்

பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் இருந்தவை. அவ்வாண்டு பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் சற்றே அலைக்கழிந்து 2007 நவம்பரில் நிலையாகப் பிரிந்தது. ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் இந்நிலப்பகுதி பெரம்பலூர், உடையார்பாளையம் தாலுகாக்கள் என்றே வரும். ஆதலால் இங்கு புகைக்கப்பட்ட சுருட்டின் வரலாற்றைத் தேடுகிறவர் பழைய திருச்சி மாவட்டத்தைத்தான் புரட்ட வேண்டும். மாவட்டத்தின் பெயரே விக்டோரியா காலத்து லண்டனில் ஒரு சுருட்டின் பெயராக வழங்கிற்று. அந்தச் சுருட்டைப் புகைக்க எந்த வெட்டுக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. பிறகு அக்கருவி எப்படி வந்தது, அதில் ஆப்பு வடிவப் பள்ளம் வெட்டும் வி-கட்டருக்கு என்ன இடம் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

போர்ச்சுக்கீசியர் வழியாகப் புகையிலை இந்தியக் கரைக்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்பர் அவைக்கு அது எட்டியது. 1617இல் ஜஹாங்கீர் தடை போட்டும் நிற்கவில்லை. தெற்கே திண்டுக்கல் வட்டாரத்துச் செம்மண் சுருட்டு இலைக்குப் பேர்போனது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று பெயர் பெற்றதன் இலையில் பெரும்பகுதி திண்டுக்கல் பக்கத்தது. சுற்றிய கைகள் உறையூர் முதலிய திருச்சிப் பகுதிகளைச் சேர்ந்தவை. விளைவித்த ஊர் ஒன்று, பெயர் எடுத்த ஊர் வேறொன்று என்ற வழக்கு வணிகத்தில் புதிதல்ல.

இந்தச் சுருட்டின் அமைப்பில்தான் நம் கேள்விக்கான விடை இருக்கிறது. நரம்பு நீக்கிய இலையை உள்ளே வைத்து, மேலிலையைச் சாய்வாகச் சுற்றிப் பசையிட்டு ஒட்டி, இரு முனைகளையும் கத்தியால் நறுக்கிவிடுவார்கள். இரண்டு பக்கமும் திறப்பு. வாங்கியவர் வாயில் வைத்துப் பற்றவைத்தால் போதும். வெட்டும் வேலையைத் தொழிலாளி முன்பே முடித்துவிட்டார். கருப்பசாமிக்கும் முனீஸ்வரனுக்கும் படையலில் வைக்கும் சுருட்டும் இப்படித்தான். கொளுத்தி வைக்கிற பூசாரி கட்டர் தேடிப் போவதில்லை.

கியூபாவிலும் ஸ்பெயினின் செவில் நகரத் தொழிற்சாலையிலும் வளர்ந்த மரபு வேறு. அங்கே வாயில் வைக்கும் முனையைச் சிறு இலைத்துண்டால் மூடிப் பசையிட்டு ஒட்டினார்கள். மேலிலை பிரியாமல் இருக்கும், இலைத்தூள் நாக்கில் ஒட்டாது. 1808 முதல் 1814 வரை ஸ்பெயினில் போரிட்ட ஆங்கிலப் படையினர் இந்தப் பழக்கத்தோடு ஊர் திரும்பினர். மூடியதைத் திறக்க வேண்டும் என்ற சிக்கலும் கூடவே போயிற்று. பல்லால் கடித்துத் துப்புவது, பேனாக்கத்தியால் சீவுவது என்று முதலில் கைக்கு வந்தபடி சமாளித்தார்கள்.

இதற்கு ஒரு நல்ல சான்று, ஆய்வாளர்கள் வழக்கமாகப் பார்க்காத இடத்தில் கிடைக்கிறது. கானன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கருத்து உதிரும் சாம்பலைக் கண்டே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். இதைப் பலரும் எடுத்துக்காட்டுவதுண்டு. 1891இல் வந்த 'பாஸ்கோம்ப் பள்ளத்தாக்கு மர்மம்' கதையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அதில் கிடைக்கும் துண்டு, ராட்டர்டாமில் சுற்றப்பட்ட இந்தியச் சுருட்டு. அதன் முனை கடிக்கப்படவில்லை, வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டு சுத்தமாக இல்லாததால் மழுங்கிய பேனாக்கத்தி என்று ஹோம்ஸ் முடிவு கட்டுகிறார். கதைதான், ஆனாலும் வாசகருக்குப் பழக்கமில்லாத நடைமுறையை எழுத்தாளர் துப்பாக வைக்கமாட்டார். இந்தியச் சுருட்டாகவே இருந்தாலும் ஐரோப்பாவில் சுற்றினால் முனை மூடியிருக்கும் என்பதும், வெட்டும் பொறுப்பு தொழிலாளியிடமிருந்து புகைப்பவரிடம் கைமாறிவிட்டது என்பதும் இதிலிருந்து தெரிகின்றன.

அந்தப் பொறுப்புக்கென்றே கருவிகள் பெருகின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடை மேசைகளில் பெரிய கட்டர்கள் இருந்தன. கனவான்களின் பைக்கடிகாரச் சங்கிலியில் வெள்ளியாலான சின்ன வி-கட்டர் தொங்கியது. கட்டர்களில் கில்லட்டின் வகை முனையை முழுதாக வெட்டிவிடும். பஞ்ச் வகை வட்டத் துளை போடும். அத்துளையில் பிசுக்குச் சேர்ந்து கசப்பேறும். வி-கட்டர் இரண்டுக்கும் நடுவே நிற்பது. மூடியின் விளிம்பு அப்படியே இருக்க, நடுவில் மட்டும் சரிவான பள்ளம் விழும். திறப்பு போதுமானது, தூளும் வாய்க்கு வராது.

பிறகு ஏன் வி-கட்டருக்கு, சரியாக வெட்டாது என்ற கெட்ட பெயர் வந்தது? அளவுதான் காரணம். சுருட்டின் தடிமனை அங்குலத்தில் 64இல் ஒரு பங்காகக் கணக்கிடுவர். பழைய கொரோனா வகைச் சுருட்டு 42, ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். இன்றைய ரோபஸ்டோ வகை 50. 60 வரை, அதாவது 24 மில்லிமீட்டர் வரை, போகிறவையும் உண்டு. மெல்லிய சுருட்டுக்குச் செய்த கருவியில் தடித்ததை வைத்தால் பள்ளம் ஆழமில்லாமல் மேலோட்டமாக விழும், இழுப்பு வராது. எனவே வாங்கும்போது முதலில் எந்தத் தடிமன் வரைக்கும் பொருந்தும் என்று கேட்க வேண்டும். முனை உட்காரும் கிண்ணத்துக்கு அடித்தடுப்பு இருக்க வேண்டும். இல்லையேல் பள்ளம் ஆழமாகிச் சுருட்டையே பிளந்துவிடும். இரு சரிவு அலகுகளும் சேரும் கூர்மூலைதான் உயிர்நிலை. அது மழுங்கினால் இலை வெட்டுப்படாது, கிழியும். அந்த மூலைக்குள் சாணைக்கல் நுழையாது. ஆகவே மட்டமான எஃகில் செய்த மலிவு வி-கட்டர் சில மாதங்களில் குப்பைக்குப் போகும். மலிவாகத்தான் வாங்க வேண்டும் என்றால் இரட்டை அலகுக் கில்லட்டினே மேல். கூம்பு முனைச் சுருட்டுக்கும் அதுவே என் தேர்வு.

உள்ளூர்க் கதை இதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது. சிகரெட்டும் பீடியும் பரவின, 1947க்குப் பின் வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் போனார்கள், உறையூரில் பட்டறைகள் ஒன்றிரண்டாகச் சுருங்கின. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தபோதே தொழிலின் பொற்காலம் முடிந்திருந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்தில் புகைப்பதைத் தடுத்தது. புகையிலை புற்றுநோய் தரும். எந்தக் கட்டரால் வெட்டினாலும் அது மாறாது.

பழைய பாணித் திருச்சிச் சுருட்டு கைக்கு வந்தால் இரு முனைகளையும் பாருங்கள். இரண்டும் திறந்திருந்தால் வி-கட்டருக்குக் கொடுக்கும் காசு தண்டம்.