அல்சாமிக்சர்

அல்சாமிக்சர் என்பது, லினக்ஸ் கணினியின் ஒலியட்டையிலுள்ள ஒவ்வொரு தடத்தின் அளவையும் டெர்மினல் திரையில் செங்குத்துப் பட்டைகளாகக் காட்டி, விசைப்பலகையாலேயே கூட்டவும் குறைக்கவும் இடமளிக்கும் ஒலிக்கலப்பு நிரலாகும். இது 1998-ல் யாரோஸ்லாவ் கிசேலா தொடங்கிய அல்சா திட்டத்தைச் சார்ந்தது. அத்திட்டத்தின் ஒலியமைப்பு 2002-ல் லினக்ஸ் கெர்னலின் வளர்ச்சிப் பதிப்பில் இடம்பெற்றது.

பல்ஸ்ஆடியோ, பைப்வயர் முதலிய மேல்நிலைச் சேவைகளில் ஒலியளவு பூரணமாகத் தோன்றியும் சப்தம் எழாதவிடத்து, அல்சாமிக்சரில் எஃப்6 விசையால் உரிய ஒலியட்டையைத் தேர்ந்து, ‘எம்எம்’ என்னும் குறி தாங்கிய தடம் மௌனமாக்கப்பட்டிருப்பதை அறிந்து, ‘எம்’ விசையால் அதனை விடுவித்தலே முதற்கண் செய்யத்தக்க பரிகாரமாகும். ஹெட்போன் செருகப்பட்டிருப்பதாகப் பிழையாக உணரும் கணினிகளிலோ, ஒலிபெருக்கியைத் தானாக அடக்கும் முறையையும் நீக்குதல் அவசியம். இம்மாற்றங்களை ‘அல்சாசிடிஎல் ஸ்டோர்’ என்னும் கட்டளை சேமித்து வைக்கிறது.