இயங்குகோப்பில் பதிப்புத் தகவல்

ஒரு நிரலின் பதிப்பு எண், தயாரித்தவர் பெயர் போன்றவற்றை அதன் இயங்குகோப்புக்குள்ளேயே பதித்து வைக்கும் முறை. விண்டோஸில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. பதிப்பு அங்கே நான்கு 16 பிட் எண்களாக அமரும். கோப்பின் பண்புகளைத் திறந்தால் எவரும் பார்க்கலாம். மேக் கணினியில் செயலியோடு வரும் இன்ஃபோ.பிலிஸ்ட் கோப்பு இந்த வேலையைச் செய்கிறது.

லினக்ஸின் இயங்குகோப்பு வடிவமான எல்ஃபில் அப்படியொரு பொது இடம் இல்லை. எடுத்துக்காட்டாக, சென்னை சி-டாக் உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் இயங்குதளம், டெபியன் வழி வந்தது. அதில் ஒரு நிரலின் பதிப்பைச் சொல்வது டிபிகேஜி என்னும் தொகுப்பு மேலாண்மைக் கருவி வைத்திருக்கும் பதிவேடு, இயங்குகோப்பு அல்ல. கோப்பைத் தனியே வேறு கணினிக்கு நகலெடுத்தால் அந்த விவரம் கூடவே போகாது. பராமரிப்பவருக்கு இது பெருங்குறை. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து லிங்கர் கணித்துச் சேர்க்கும் பில்ட்-ஐடி, பெரும்பாலும் 20 பைட் நீளமுள்ளது, ஓரளவு கைகொடுக்கிறது. பிழைதிருத்தத் தகவலை உரிய கோப்போடு பொருத்த அதுவே நம்பத்தக்கது; ஆனால் எது முந்தியது, எது பிந்தியது என்று அது காட்டாது.

யூனிக்ஸின் பழைய வழி இன்னும் எளிது: "@(#)" என்று தொடங்கும் சரமொன்றை மூலநிரலில் எழுதிவிட்டு, பின்னர் 'வாட்' கட்டளையால் அதைத் தேடியெடுப்பது. எந்தக் கோப்பு வடிவத்திலும் இது செல்லும்.