ஒருதலைக் காதல்: திரை தந்த பெயரும் சட்டம் கேட்கும் கேள்வியும்

ஒரு பெண் வெட்டிக் கொல்லப்பட்டால், மறுநாள் நாளிதழில் 'ஒருதலைக் காதலால் விபரீதம்' என்று தலைப்பிடுகிறார்கள். பட்டியல் சாதி இளைஞர் ஒருவரும் ஆதிக்கச் சாதிப் பெண் ஒருவரும் ஒருவரையொருவர் விரும்பி மணந்தால், அதற்கு 'நாடகக் காதல்' என்று பெயர் சூட்டுகிறார்கள். விருப்பம் இல்லாத இடத்தில் காதல் என்ற சொல் தாராளமாக வழங்கப்படுகிறது. இருவர் விருப்பமும் உள்ள இடத்தில் அதே சொல் பறிக்கப்படுகிறது. இந்தத் தலைகீழ்ப் பெயரிடலுக்கு நமது இலக்கண மரபும் திரைப்படமும் பாடலும் எவ்வாறு துணைநின்றன என்பதையும், காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அது உண்டாக்கும் விளைவையும் இங்கே தொகுத்துக் காண்போம்.

இலக்கணத்தில் ஒருதலைக் காமம்

தொல்காப்பியம் அகவாழ்வை ஏழு திணைகளாகப் பகுக்கிறது. ஒத்த அன்புடைய இருவருக்குரிய ஐந்திணை நடுவில் நிற்கிறது. ஒருதலைக் காமமாகிய கைக்கிளை முதலிலும், பொருந்தாக் காமமாகிய பெருந்திணை இறுதியிலும் வைக்கப்பட்டுள்ளன. காம உணர்வு முதிராத இளையவளிடம் ஆண் பேசுவதும், அவளிடமிருந்து மறுமொழி பெறாதபோதும் தானே பேசி இன்புறுவதும் கைக்கிளை என விளக்கப்படுகிறது. விரும்பிய பெண்ணைப் பெறுவதற்காகப் பனைமடலால் செய்த குதிரையில் ஊரறிய ஏறி வரும் மடலேற்றம் பெருந்திணையில் அடங்கும். மறுப்பவளையும் அவள் குடும்பத்தையும் பழிக்கு அஞ்சி இணங்கச் செய்யும் வழி அது. இவ்விரண்டையும் அன்பின் உயர்நிலையாக இலக்கணம் ஏற்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

ஆனால் அதே இலக்கணம் வேறொரு கோட்டையும் இழுக்கிறது. அடியோரும் வினைவலரும், அதாவது பிறருக்கு அடிமைப்பட்டோரும் ஏவல் தொழில் செய்வோரும், ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்படுகின்றனர். கைக்கிளையும் பெருந்திணையுமே அவர்களுக்கு உரியவை என்பது உரை மரபு. ஒத்த அன்புக்குத் தகுதியுடையோர் யார் என்பதைப் பிறப்பும் உழைப்பும் தீர்மானிக்கும் இந்தப் பார்வை ஏட்டோடு முடிந்துவிடவில்லை. உழைக்கும் சாதியினரின் காதல் உண்மையானதாக இருக்க முடியாது என்ற இன்றைய பரப்புரையிலும் அதன் சாயலைக் காண்கிறோம்.

திரையில் வளர்ந்த நாயகன்

தமிழ்த் திரையில் ஒருதலைக் காதலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 'ஒருதலை ராகம்' (1980) கல்லூரி மாணவனின் நிறைவேறாத காதலை அவனது மரணத்தில் முடித்தது. கதிர் இயக்கிய 'இதயம்' (1991) காதலைச் சொல்லவே இயலாத மருத்துவ மாணவனைக் காட்டியது. இந்நாயகர்கள் பெண்ணைத் துன்புறுத்தவில்லை, தம்மையே வருத்திக்கொண்டார்கள். எனினும், இவ்வளவு துன்புறும் ஆணுக்கு ஒரு பெண் கடன்பட்டவள் என்ற உணர்வைப் பார்வையாளரிடம் விதைத்தார்கள்.

பின்வந்த படங்கள் அந்தக் கடனை வசூலிக்கத் தொடங்கின. 'குணா' (1991) படத்தில் கடத்தப்பட்ட பெண் இறுதியில் கடத்தியவனையே விரும்புகிறாள். 'காதல் கொண்டேன்' (2003) படத்தில் தோழியைத் தந்திரமாக அழைத்துச் சென்று அடைத்து வைக்கும் இளைஞன்மீது இரக்கம் கோரப்படுகிறது. 'ரெமோ' (2016) படத்தில் நிச்சயம் செய்யப்பட்ட பெண்ணின் திருமணத்தைக் குலைக்க நாயகன் செவிலியராக வேடமிடுகிறான். வஞ்சகம் நகைச்சுவையாகிறது, முடிவில் அவனுக்கு வெற்றியும் கிடைக்கிறது. இக்கதைகளில் பெண்ணின் 'வேண்டாம்' என்ற சொல், கதை முன்னேறுவதற்கான தொடக்கம் மட்டுமே.

ஒருதலையாக விரும்புபவள் பெண்ணாக இருந்தால் கதை மாறிவிடுகிறது. 'படையப்பா' (1999) படத்தின் நீலாம்பரி விடாப்பிடியாக விரும்பியதால் வில்லியானாள், தற்கொலையில் முடிந்தாள். ஆணுக்குத் தவமாகக் காட்டப்படுவது பெண்ணுக்குத் திமிராகக் காட்டப்படுகிறது.

பாடலும் தொலைக்காட்சியும்

மறுக்கப்பட்ட ஆணின் துயரம் 2011-க்குப் பின் தனிப் பாடல் வகையாகவே வளர்ந்தது. '3' திரைப்படத்துக்காக 2011-இல் வெளியான 'ஒய் திஸ் கொலவெறி டி' இணையத்தில் உலகெங்கும் பரவியது. காதலில் தோற்ற இளைஞரைக் குறிக்கும் 'சூப் பாய்ஸ்' என்ற தொடரையும் பரப்பியது. அதே ஆண்டு வந்த 'மயக்கம் என்ன' படத்தின் 'காதல் என் காதல்' பாடலில் பெண்ணைத் தாக்கச் சொல்லும் வரிகள் இடம்பெற்றன. தொலைக்காட்சியின் இசை அலைவரிசைகள் இத்தகைய பாடல்களைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. ஒரு திரைப்படத்தை இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். நாள்தோறும் ஒலிக்கும் பாடலோ, மறுத்த பெண் துரோகி என்ற எண்ணத்தைப் பழக்கமாக்கிவிடுகிறது.

யாருடைய காதல் காதலாகிறது?

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய பட்டியல் சாதிக் குடியிருப்புகள் தாக்கப்பட்டு, இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. சாதி கடந்த ஒரு திருமணம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அம்மணமகன் இளவரசன் 2013 ஜூலை 4 அன்று தொடர்வண்டித் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். அந்நாட்களில்தான் ஜீன்ஸும் கண்ணாடியும் அணிந்து பெண்களை மயக்குகிறார்கள் என்ற பரப்புரையோடு 'நாடகக் காதல்' என்ற சொல் மேடைகளில் முழங்கியது. வயதுவந்த பெண்ணின் சம்மதத்தையும் ஏமாற்று எனத் தள்ளிவிடுவதே அச்சொல்லின் வேலை. அது பட்டியல் சாதி ஆணைக் குற்றவாளியாக்குகிறது. ஆதிக்கச் சாதிப் பெண்ணைச் சுயபுத்தி அற்றவளாக்குகிறது.

2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தோழியுடன் சென்ற பொறியாளர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் அவரது உடல் தண்டவாளத்தில் கண்டெடுக்கப்பட்டது. தற்கொலை எனக் காட்டும் கடிதமும் உடனிருந்தது. இளைஞன் ஒருவன் காதலுக்காகச் சாவான் என்ற கதை மக்களுக்கு நன்கு பழகியிருப்பதால், அத்தகைய கடிதம் நம்பப்படும் என்று கொலையாளிகளால் எதிர்பார்க்க முடிந்தது. மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் அது கொலையே எனக் கண்டு தண்டித்தது. 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. திரை வளர்த்த காதல் தோல்விக் கதை, சாதியக் கொலைக்கு மறைப்பாகவும் பயன்படக்கூடும் என்பதை இவ்வழக்கில் காண்கிறோம்.

மறுபுறத்தில், 2016 ஜூன் 24 அன்று சென்னை நுங்கம்பாக்கம் தொடர்வண்டி நிலையத்தில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். ஊடகங்கள் அதை 'ஒருதலைக் காதல்' எனத் தீர்ப்பெழுதின. குற்றம் சாட்டப்பட்ட இளைஞர் விசாரணை தொடங்கும் முன்பே அவ்வாண்டு செப்டம்பரில் புழல் சிறையில் இறந்தார். நீதிமன்றம் சோதித்துப் பாராத ஒரு கதை, இன்றும் உண்மையாக மேற்கோள் காட்டப்படுகிறது.

வேறு விதமாகச் சொன்ன படங்கள்

பா. இரஞ்சித்தின் 'அட்டகத்தி' (2012) நாயகனும் ஒருதலையாகக் காதலிக்கிறான், தோற்கிறான். சோகமாக இருக்க முயன்றும் அவனால் முடிவதில்லை. பசிக்கிறது, சாப்பிடுகிறான், வேறொரு வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறான். மறுப்பை இயல்பாகக் கடக்கும் ஒடுக்கப்பட்ட இளைஞனைக் காட்டியதே அப்படத்தின் அரசியல்.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) இன்னும் கடினமான உண்மையைச் சொன்னது. சட்டக் கல்லூரி மாணவன் பரியனை ஜோ விரும்புகிறாள். அவன் பதில் சொல்வதில்லை. அன்பில்லாமையால் அல்ல, அன்பின் விலை தன் உயிர் என்பதை அவள் வீட்டார் அவனுக்கு உணர்த்திவிட்டதால். கொலைகளை விபத்தாகவும் தற்கொலையாகவும் மாற்றும் முதியவர் பரியனையும் தண்டவாளத்தில் கிடத்துகிறார். இங்கே காதல் ஒருதலையாய் நிற்பதற்குக் காரணம் சாதி.

சட்டம் கேட்கும் கேள்வி

சட்டத்தில் 'ஒருதலைக் காதல்' என்ற வகைப்பாடே இல்லை. அது கேட்பது ஒன்றே: அப்பெண் சம்மதித்தாரா?

2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவாகச் சேர்க்கப்பட்ட பின்தொடர்தல் குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவாக உள்ளது. ஒரு பெண் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பின்னும் ஓர் ஆண் தொடர்ந்து பின்செல்வதும், தொடர்புகொள்ள முயல்வதும், அவரது இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் குற்றம். மத்தியச் சட்டத்தில் முதன்முறை மூன்றாண்டு வரையும் மறுமுறை ஐந்தாண்டு வரையும் சிறை உண்டு. இத்தண்டனைகளைக் கூட்டும் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரைப் பாலியல் நோக்குடன் தொடர்வது போக்சோ சட்டத்தின் 11ஆம் பிரிவில் வரும்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பெண்ணாகவும் தொடர்பவர் அச்சமூகங்களைச் சேராதவராகவும் இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்கிறது. 2015 திருத்தத்தின் 3(1)(டபிள்யூ) பிரிவு, சம்மதமின்றிப் பாலியல் நோக்கில் தொடுவதையும் சொல், சைகை, செயல்களையும் குற்றமாக்குகிறது. எதிர்த்துப் போராடாமை சம்மதமாகாது என்றும் விளக்குகிறது. 3(2)(விஏ) பிரிவுக்குரிய அட்டவணையில் பின்தொடர்தலும் உள்ளது. குற்றவாளி அவரையோ குடும்பத்தையோ அறிந்தவராயின், சாதி தெரிந்தே செய்தார் என 8(சி) பிரிவின்படி நீதிமன்றம் அனுமானிக்கும். முன்பிணைக்கு 18ஆம் பிரிவு தடையாக நிற்கிறது. புகாரைப் பதிய மறுக்கும் பட்டியல் சாதியினர் அல்லாத அதிகாரிமீது 4ஆம் பிரிவு பாயும்.

உச்ச நீதிமன்றமும் இருபுறத்தையும் தெளிவுபடுத்தியுள்ளது. பவன் குமார் எதிர் இமாச்சலப் பிரதேசம் (2017) வழக்கில், காதலிக்குமாறு எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்த முடியாது, மறுப்பது அவர் உரிமை என்றது. சக்தி வாகினி (2018) வழக்கில், வயதுவந்த இருவரின் சம்மதத்துக்கு மேல் குடும்பமோ சாதியோ ஊரோ ஒப்புதல் தரவேண்டியதில்லை என்றது. மறுக்கும் உரிமையும் தேர்ந்தெடுக்கும் உரிமையும் சம்மதம் என்னும் ஒரே வேரிலிருந்து வருபவை.

நாம் செய்ய வேண்டியவை

பின்தொடரப்படும் மாணவியர் குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். மறுப்பு எழுத்தில் இருந்தாக வேண்டியதில்லை. நண்பர் முன் சொன்ன மறுப்பும் சான்றே. புகாரில் சாதி குறித்த விவரத்தைத் தொடக்கத்திலேயே எழுதுங்கள். பின்னர் சேர்க்க முயலும்போது வழக்கு வலுவிழக்கிறது. 'ஏதோ காதல் தகராறு' என்று சமரசம் பேசும் காவல் அதிகாரியிடம், புகாரில் உள்ள சொல் பின்தொடர்தல் என்பதை வலியுறுத்துங்கள். சாதி கடந்து மணந்த தோழர்கள் தம் சம்மதத்தைத் தெரிவிக்கும் மனுவைக் காவல் கண்காணிப்பாளரிடம் அளித்து, ஒப்புகையைப் பெற்று வைத்திருங்கள். செய்தி எழுதுவோர் 'ஒருதலைக் காதல்' என்ற தொடரை விடுத்து, நிகழ்ந்த குற்றத்தின் பெயரையே எழுத வேண்டும். எந்தப் பெயரில் செய்தி வருகிறதோ, பெரும்பாலும் அந்தப் பெயரிலேயே விசாரணையும் தொடங்குகிறது.