குளத்துப் புட்களும் ஏடுகளின் மௌனமும்

வரலாறு மன்னரோடும் போரோடும் முடிந்துவிடுவதன்று. வாடைக்காற்று வீசுங் காலத்தில் வட இலங்கையின் குளங்களையும் களப்புகளையும் நாடிவரும் புட்களுக்கும் வரலாறுண்டு. வட ஆசியாவின் உறைபனிக்காலத்தைத் தவிர்த்து, ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் ஆயிரக்கணக்கான மைல் கடந்து வருகின்றன. அவை தங்கும் நீர்நிலைகளுட் பல, நெல் விளைவிக்க மனிதன் கட்டியவை. தாதுசேனன் காலத்ததெனக் கருதப்படும் மன்னார்க் கட்டுக்கரைக்குளம் இதற்குச் சான்று.

இப்புட்கள் பற்றிய முறையான குறிப்புகளைத் தொடக்கத்தில் தந்தோர் பெரும்பாலும் பிரித்தானிய அலுவலரே. எட்கார் லேயார்ட் 1850களில் எழுதினார். பீரங்கிப்படை அதிகாரியான வின்சென்ற் லெக்கின் பெருநூல் 1880இல் நிறைவுற்றது. அக்காலத்தில் அரிய புள்ளொன்றைக் கண்டமைக்குச் சான்று, பெரும்பாலும் சுடப்பட்ட அதன் உடலேயாகும். ஆயின், தலைமுறைதோறும் குளக்கரையில் வாழ்ந்த உழவரும் மீனவரும் கண்டவை ஏடேறவில்லை.

சுண்டிக்குளம் 1938இலும் கட்டுக்கரைக்குளம் 1954இலும் சரணாலயங்களாயின. எனினும், 1983 முதல் 2009 வரை நீடித்த போரினால் வடக்கிற் கள ஆய்வு பெரிதுந் தடைப்பட்டது. அவ்வாண்டுகளில் ஒரு புள் பதிவுபெறாமையை, அது வாராமைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. சான்றின்மை வேறு, இன்மை வேறு. முன்பு வாராத புதுப்புள் என இன்று நாம் வியப்பது, நம் பாட்டனார் பெயர் சொல்லி அறிந்ததாகவும் இருக்கலாம். அத்தகு முதியோர் உள்ளபோதே அவர்தம் நினைவுகளை ஊர், பருவம், புள்ளின் வழக்குப்பெயர் என்பவற்றோடு எழுதிவைத்தல் வரலாறு பயில்வோர் கடனாகும்.