புரசும் பலாசும்: ஒரு மலரின் பெயர் வரலாறு

பின்பனி கழிந்து இளவேனில் பிறக்கும் நாட்களில், விந்தியச் சாரலிலும் சோட்டா நாகபுரிக் காடுகளிலும் இலையுதிர்ந்து நின்ற மரங்கள் செந்நிறம் பூணுகின்றன. தொலைவிலிருந்து நோக்குவார்க்குக் காடே தீப்பற்றியது போன்று தோன்றும். ஆங்கிலேயர் இம்மரத்தைக் 'காட்டின் சுடர்' என்னும் பொருள்பட அழைத்தனர். வங்காளத்தார் 'பலாஷ்' என்பர். இந்தி வழங்கும் நாட்டார் மரத்தை 'டாக்' என்றும், மலரை 'டேசூ' என்றும் கூறுவர். தெலுங்கர்க்கு இது மோதுக, கன்னடர்க்கு முத்துக, தமிழர்க்குப் புரசு.

பெயர் ஒவ்வொன்றும் ஒரு பார்வையைக் காட்டும். இதழின் வளைவு கிளியின் அலகை ஒத்திருத்தலின், 'இது கிளியோ?' என வியக்கும் பொருளில் வடமொழியாளர் 'கிம்சுகம்' என்றனர். பலாசம் என்னும் வடசொல்லுக்கு இலை என்பதும் பொருள். ஒரு காம்பில் மூன்றாக அமையும் அகன்ற இலைகளைத் தைத்து உண்கலமாக்குவது இன்றும் உள்ள வழக்கம். எத்துணை முயன்றும் நிலைமை மாறாதவிடத்து, 'டாக்கின் இலை மூன்றே' என்பது வடநாட்டுப் பழமொழி. மலரை நீரில் ஊறவைத்து ஹோலிப் பண்டிகைக்குச் சாயம் எடுப்பர். கிளைகளில் அரக்குப் பூச்சியை வளர்ப்பர்.

வரலாற்றிலும் இம்மரத்தின் பெயர் பதிந்துள்ளது. 1757 ஜூன் 23ஆம் நாள் கிளைவும் சிராஜ் உத் தௌலாவும் பொருத களமாகிய பிளாசி, உண்மையில் 'பலாஷி' என்னும் சிற்றூராகும். பலாச மரங்களால் அவ்வூர் அப்பெயர் பெற்றது என்பர். ஆங்கிலேயர் நாவில் திரிந்த அப்பெயரே பாடநூல்களில் நிலைத்தது. தாவர நூலார் இம்மரத்திற்கு இட்ட 'பியூட்டியா' என்னும் பெயரோ, 1762 முதல் 1763 வரை இங்கிலாந்தின் பிரதமராயிருந்த பியூட் பிரபுவின் நினைவாக அமைந்தது. இந்தக் காட்டு மலருக்கும் அப்பிரபுவுக்கும் உள்ள உறவு அவ்வளவே!

தமிழர் இம்மரத்தை வடக்கே வந்து அறிந்தாரல்லர். சென்னைப் புரசைவாக்கத்துக் கங்காதரேசுவரர் கோயிலின் தலமரம் புரசு. அவ்வூர்ப் பெயரும் அதனின்றே தோன்றியது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது மலர்களுள் பலாசமும் ஒன்று. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் இயல்பை அறிவிக்கப் பாடிய பாட்டு அது என்பது மரபு. ஆகவே வடபுலத்தார்க்குத் தமிழை உணர்த்திய பாட்டிலேயே இம்மலர் இடம் பெற்றிருத்தல் எண்ணி மகிழத்தக்கது.

இன்று நம் குடியிருப்புகளில் வளரும் சிறுவர் பலாஷையும் டேசூவையும் அறிவர். புரசு என்னும் சொல்லை அறியார். சாலையோரத்துக் குல்மொஹரையே இம்மரமென மயங்குவாரும் உளர். குல்மொஹர் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த வேறு மரம். கோடை முதிர்ந்த பின்னரே பூப்பது. அண்டை வீட்டார் வழங்கும் பெயர்களைக் கற்பது நன்றே. அவற்றோடு நம் பெயரையும் சேர்த்துச் சொல்லாவிடின், ஒரு தலைமுறையிலேயே அச்சொல் மறைந்துபோகும். பெற்றோர்காள்! வரும் பங்குனியில் இம்மரத்தைக் காணும்போது மக்களை அருகழைத்து, "இது பலாஷ், நம் மொழியில் புரசு" என்று கூறுங்கள். அந்த ஒரு சொல்லால், வாழும் மண்ணும் வந்த மண்ணும் அவர்தம் நெஞ்சில் ஒன்றாகும்.