மினுக்கி வைத்த ரோலரும் பெயரில்லாத கைகளும்

போன மாசம் ஒரு ராத்திரி, விடுதியில் நாங்கள் நாலு பேர் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து வீடியோ ஒன்று பார்த்துக்கொண்டிருந்தோம். பிரித்தானியாவில் ஒருவர் பழைய ஹூவர் வெக்யூம் கிளீனர் ஒன்றைக் கழற்றிப் பூட்டுகிறார். துணி சுற்றிய வயரை மாற்றுகிறார். மோட்டாரில் தேய்ந்துபோன கார்பன் பிரஷ்ஷை எடுத்துவிட்டுப் புதுசு போடுகிறார். கறுத்துப்போன அலுமினிய மூடியை முகம் தெரியும்வரை தேய்க்கிறார். கடைசியில் சுவிட்சைப் போட, அது உறுமிக்கொண்டு எழும்புகிறது. எங்களுக்கே கைதட்ட வேணும்போல இருந்தது.

அப்போதுதான் எங்களில் ஒருத்தி, தோட்டத்தில் இருந்து வந்தவள், கேட்டாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இத்தன வருசமா இதப் புடிச்சு வீட்டக் கூட்டுனது யாரு? அதப் பத்தி இவரு ஒரு வார்த்த சொல்லலியே?"

அந்தக் கேள்விக்குப் பிறகு தூக்கம் வரவில்லை. வெக்யூம் கிளீனரின் கதையைத் தேடிப் படித்தோம். 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியியலாளர் தூசியை உறிஞ்சும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதைக் குதிரை வண்டியில் ஏற்றி வந்து, தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாக நீளமான குழாயை வீட்டுக்குள் விட்டுத்தான் சுத்தம் செய்வார்கள். அரண்மனைக்கும் பெரிய வீட்டுக்கும் சரி, சாதாரண வீட்டுக்கு எட்டாது.

வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போகக்கூடிய மின்சார இயந்திரத்துக்கு வழிகாட்டியவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மரே ஸ்பேங்க்ளர். அவர் ஒரு கடையில் கூட்டித் துடைக்கும் வேலை செய்தவர். ஆஸ்துமாக்காரர். கம்பளத்தைக் கூட்டும்போது எழும்பும் தூசியால் இருமி இருமிக் களைத்துப்போனவர். ஒரு விசிறி, ஒரு தலையணை உறை, ஒரு தும்புத்தடிக் கம்பு எல்லாவற்றையும் சேர்த்து 1907இல் ஒன்றைச் செய்தார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. தோல் சாமான் வியாபாரம் செய்த ஹூவர் குடும்பம் அதை வாங்கியது. இன்றைக்கு ஹூவர் என்ற பெயர் உலகத்துக்கே தெரியும். இருமிக்கொண்டே கூட்டிய ஸ்பேங்க்ளரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் கம்பஸுக்குப் பின்னால் நிற்கும் ஹந்தானை மலைக்கும் இந்தக் கதைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. வெக்யூம் கிளீனரின் உயிர் அதன் விசிறி. விசிறி காற்றை வெளியே தள்ள, உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று தூசியையும் இழுத்துக்கொண்டு நுழைகிறது. தேயிலைத் தொழிற்சாலையும், அதாவது தோட்டத்தில் எல்லாரும் சொல்லும் 'இஸ்டோரும்', விசிறியில்தான் ஓடுகிறது. மேல்மாடியில் பரப்பிய கொழுந்தை வாட்டக் காற்று வேணும், உலர்த்தச் சூடான காற்று வேணும். அசாமின் கச்சார் பகுதியில் தேயிலைத் தோட்டம் நடத்திய சாமுவேல் டேவிட்சன் என்பவர் ஊர் திரும்பி, 1881இல் பெல்ஃபாஸ்டில் சிரோக்கோ என்ற பெயரில் ஆலை தொடங்கினார். தேயிலை உலர்த்தும் இயந்திரங்களும் விசிறிகளும் அங்கிருந்து உலகம் முழுக்கப் போயின.

அங்கே வெக்யூம் கிளீனர் சேர்க்கிற ஆட்கள் இருக்கிற மாதிரி, இங்கே பழைய இஸ்டோர் இயந்திரங்களை மினுக்கி வைத்த இடம் ஒன்று உண்டு. கண்டி டவுனில் இருந்து ஹந்தானை வீதியில் ஏறிப் போனால் வரும் இலங்கைத் தேயிலை அருங்காட்சியகம். 1925இல் கட்டிய தொழிற்சாலை அது. பத்து வருசத்துக்கு மேல் கைவிடப்பட்டுக் கிடந்ததை, தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் சேர்ந்து திருத்தி 2001இல் திறந்தார்கள். ஒரு சனிக்கிழமை போனோம். ஜெனரேட்டர், எண்ணெய் எஞ்சின், உலர்த்தும் இயந்திரம், கொழுந்து சுருட்டும் ரோலர் என்று எல்லாம் துருவில்லாமல் நிற்கின்றன. இதை மதிக்கத்தான் வேணும். இவர்கள் எடுத்து வைக்காவிட்டால் இதில் பாதி எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

மேலே ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப்பொருட்கள் இருக்கின்றன. 1852இல் ஸ்கொட்லாந்தில் இருந்து வந்தவர். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கொஞ்ச நாளில் கோப்பிப் பயிரை இலைநோய் அழிக்க, மலைநாடு முழுக்கத் தேயிலைக்கு மாறியது.

டெய்லரிடம் முதலில் ஃபெக்டரி என்று ஒன்று இருக்கவில்லை. பங்களாவின் விறாந்தையில் மேசை போட்டு, அதில் கொழுந்தைக் கையாலேயே சுருட்டினார்கள். உள்ளங்கையால் மட்டும் இல்லை, மணிக்கட்டில் இருந்து முழங்கை வரைக்கும் வைத்து அழுத்தி உருட்டினார்கள். பிறகு மண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டி, கம்பித் தட்டில் போட்டுக் காயவைத்தார்கள். 1872இல்தான் டெய்லர் முழுசான ஒரு தொழிற்சாலையை அமைத்து, தானே ஒரு சுருட்டும் இயந்திரத்தையும் செய்தார். அதே காலத்தில் வில்லியம் ஜாக்சன் அசாமில் தன் ரோலரைச் செய்துகொண்டிருந்தார். அவருடைய இயந்திரங்களை இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோவில் இருந்த மார்ஷல் கம்பனி வார்த்து அனுப்பியது.

இப்போது ரோலர் ஓடுவதைப் பாருங்கள். மேலே வட்டமான பெட்டி, கீழே மேசை. பெட்டி மேசைமேல் வட்டம் வட்டமாகச் சுற்றி, கொழுந்தை அழுத்தி முறுக்கும். விறாந்தையில் அந்த முழங்கைகள் செய்த அதே அசைவு! ரோலர் என்பது ஒரு கையின் இரும்புப் பிரதி. மூலப்பிரதி யாருடைய கை? செய்த கம்பனியின் பெயர் இந்த மாதிரி இயந்திரங்களில் இரும்பிலேயே வார்த்து வரும். அதற்குச் சொல்லிக்கொடுத்த கைக்குப் பெயரில்லை.

டெய்லர் 1892இல் தோட்டத்திலேயே இறந்தார். அவருடைய உடலை லூல்கந்துரவில் இருந்து கண்டி மஹய்யாவ மயானத்துக்குத் தொழிலாளர்கள்தான் சுமந்து வந்தார்கள். கல்லறையில் அவர் பெயர் இருக்கிறது, இருக்கவும் வேணும். தோள் கொடுத்தவர்களில் ஒருவருடைய பெயரையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று தேடினோம். கிடைக்கவில்லை.

அந்த ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டங்களில் ஒன்றுதான் முல்லோயா. 1940 ஜனவரியில் 16 சதக் கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தார். ஒரு தொழிலாளியின் பெயர் வரலாற்றில் ஏற, இங்கே அவர் சாக வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் கம்பளைக்குப் போனோம். 1823இல் முதல் பெரிய கோப்பித் தோட்டம் போட்ட பகுதி அது. 2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்தக் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அங்கே நியூ பீகொக் தோட்டத்தில், பழைய லயத்திலேயே, சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. வீட்டுப் பாத்திரம், வேலைச் சாமான், வாத்தியம், ஆவணங்கள். இரும்பு எஞ்சின்களின் மினுமினுப்பு இங்கே இல்லை. ஆனால் உள்ளே நின்றபோது எங்கள் தோழி சத்தமே இல்லாமல் இருந்தாள். வெளியே வந்துதான் சொன்னாள்: "எங்க வீட்டு அடுப்பங்கரைக்குள்ள போன மாதிரி இருந்திச்சு."

இரண்டு இடத்தையும் பாருங்கள் என்றுதான் சொல்கிறோம். ஹந்தானையில் மட்டும் நின்றால் தேயிலை தானாகச் சுற்றும் இரும்பால் வந்ததுபோல இருக்கும். கம்பளையில் மட்டும் நின்றால், அந்தக் கைகள் எந்த இயந்திரத்தோடு பாடுபட்டன என்பது தெரியாமல் போகும். நடுவில் உள்ள தூரத்தை நிரப்ப வேண்டியது எங்களைப் போன்ற பிள்ளைகள்தான். இஸ்டோரில் ரோலர் ஓட்டின தாத்தாக்கள், சலிக்கும் அறையில் தேயிலைத் தூசிக்குள் நின்ற பாட்டிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எத்தனை மணிக்குப் பெரட்டு, எந்த இயந்திரம் எப்படிச் சத்தம் போடும், கை மாட்டினால் என்ன ஆகும் என்று அவர்களைக் கேட்டு எழுத ஒரு போன் போதும். பத்து வருசம் கழித்துக் கேட்க ஆள் இருக்காது.

நாங்கள் சின்னதாக ஒன்று தொடங்கியிருக்கிறோம். தோழியின் பாட்டி கொழுந்தெடுத்த காலத்து மட்டக்கம்பு அவர்கள் வீட்டு மூலையில் கிடந்தது. வீடியோ பார்த்த உற்சாகத்தில், அதை மணல்தாளால் தேய்த்து வார்னிஷ் அடிப்போம் என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பாட்டி கையில் இருந்து வாங்கிக்கொண்டார். நடுவில் குழிந்து கறுத்திருந்த இடத்தைக் காட்டினார். "இது அழுக்கில்ல கண்ணு. நான் புடிச்ச எடம். அதப் போய் தேய்க்கிறீங்களே."

தேய்க்கவில்லை. ஒரு கொப்பியில் பாட்டியின் பெயர், தோட்டம், டிவிஷன், வேலைக்குப் போன வருசங்கள் எல்லாம் எழுதி, கம்போடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறோம். முதல் பக்கம் நிறைந்துவிட்டது. உங்கள் வீட்டு மூலையில் என்ன கிடக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். மினுக்குவதற்கு முதல், அதைப் பிடித்தது யார் என்று கேளுங்கள்.